ஏகாதசி விரதமும் பெருவிரல் வலியும்

ஏகாதசியன்று பச்சைத் தண்ணீரும் பருகாமல் இருந்து, மறுநாள் துவாதசிப் பாரணைக்காக விடியலில் எழும் பெரியவர்களில் சிலர், காலைத் தரையில் ஊன்ற இயலாமல் கட்டிலின் விளிம்பிலேயே அமர்ந்துவிடுவதுண்டு. பெருவிரலின் அடிமூட்டு இரவோடிரவாகச் சிவந்து, வீங்கி, தோல் பளபளத்துக் கொதிக்கும். போர்வையின் நுனி பட்டாலும் பொறுக்காது. முதல் நாள் பிராகாரத்தை வலம் வந்தபோது கல் இடறியிருக்கும் என்பார் வீட்டில் ஒருவர். பூச்சி கடித்திருக்கும் என்பார் மற்றொருவர். தைலம் தேய்ப்பார்கள், கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார்கள். வலி ஏறுமேயன்றி இறங்காது. விரதம் இருந்த உடலுக்கா இந்தச் சோதனை என்ற மனக்குறை வேறு சேர்ந்துகொள்ளும்.

மேல்நாட்டு மருத்துவம் 'கவுட்' என்று அழைக்கும் இந்நோயை ஆயுர்வேதம் வாதரக்தம் என்ற பெயரால் அறிந்திருக்கிறது. சரக சம்ஹிதையின் சிகிச்சா ஸ்தானத்தில் 29ஆம் அத்தியாயம் முழுவதும் இதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. 'ஆட்ய வாதம்', அதாவது செல்வந்தர்க்கு வரும் வாதம் என்று ஒரு பெயரும் அங்கு உண்டு. உடல் அசையாமல் உண்டு களித்திருப்போரை நாடிவரும் நோய் என்பது பழையோர் கருத்து. கால்களிலும் சிற்சில வேளை கைகளிலும் வேரூன்றி, எலியின் நஞ்சுபோல் மெல்ல உடலெங்கும் ஊர்ந்து பரவும் என்று சுசுருத சம்ஹிதை உவமை கூறுகிறது. ஐரோப்பாவிலும் இதை அரசர்களின் நோய் என்றே அழைத்தனர். இன்று செல்வர், எளியவர் என்ற பேதமெல்லாம் அதற்கு இல்லை. நம் வீடுகளில் மூட்டுவலி அனைத்தையும் 'வாதம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் இதை அடையாளம் காண்பது தாமதமாகிறது. முழங்கால் தேய்மானம் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. வாதரக்தத்தின் தாக்குதலோ ஓர் இரவில் வந்து, 24 மணி நேரத்திற்குள் உச்சத்தை அடைந்துவிடுவது.

இதன் உள்விவகாரத்தை ஒரு சேமிப்புக் கணக்கைப் போல நோக்கினால் எளிதில் விளங்கும். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் பியூரின் என்ற பொருள் உண்டு. அது சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. இந்த வரவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உடலுக்குள்ளேயே உருவாவது. மீதி உணவின் வழியே வருவது. செலவுப் பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. எஞ்சியது குடல் வழியே போகிறது. வரவும் செலவும் ஒத்திருக்கும் வரையில் இருப்பு அளவோடு நிற்கும். சிறுநீரகம் தளர்ந்தால் செலவு குறைந்து இருப்பு ஏறும். இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டினால் அது கரைந்த நிலையில் நிற்க இயலாமல் ஊசி ஊசியான படிகங்களாகி மூட்டுகளில் படியத் தொடங்கும். குளிர்ச்சியான இடத்தில் படிதல் எளிது. உடலின் கடைக்கோடியில், இதயத்திற்கு வெகுதொலைவில் இருக்கும் கால் பெருவிரல் மற்ற இடங்களைவிடக் குளிர்ந்தது. இரவில் இன்னும் குளிர்ந்தது. முதல் தாக்குதல் பெரும்பாலும் அங்கேயே, அதுவும் நள்ளிரவை ஒட்டியே வருவதற்கு இது ஒரு காரணம்.

உருப்பெருக்கியின் முன்னோடியான லீவன்ஹூக் 1679இல் இந்நோயாளி ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்த சுண்ணம் போன்ற பொருளில் இவ்வூசிகளைக் கண்டார். அது இன்னதென்று அவர் அறியார். யூரிக் அமிலம் இந்நோயாளிகளின் இரத்தத்தில் மிகுந்திருப்பதை இலண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் காரட் 1848இல் மெய்ப்பித்தார். பின்னர், அமிலம் கலந்த இரத்தநீரில் ஒரு நூலை இட்டு வைத்து, அதன்மேல் படிகம் படிகிறதா என்று பார்க்கும் சோதனையையும் வகுத்தார். கற்கண்டு செய்வோர் பாகில் நூலைத் தொங்கவிடும் அதே உத்திதான்!

இனி வீட்டு மருத்துவத்திற்கு வருவோம். எதைப் பேசுவதற்கும் முன்னர் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். இத்தாக்குதல் மருந்தே இல்லாவிட்டாலும் ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்களுக்குள் தானாகத் தணிந்துவிடும் இயல்புடையது. ஆகவே ஐந்தாம் நாள் எந்தப் பச்சிலையைக் கட்டினாலும் எட்டாம் நாள் அதற்கு நற்பெயர் கிடைத்துவிடும். பக்கத்து வீட்டாருக்கும் பரிந்துரை போய்விடும். வலி தணிந்தது உண்மை. பச்சிலைதான் தணித்தது என்பதற்குச் சான்று போதாது. அதனினும் முக்கியமானது, வலி போன பின்பும் மூட்டில் படிகங்கள் அப்படியே தங்கியிருக்கின்றன என்பது. இருப்பு குறையாமல் இருந்தால் அடுத்த தாக்குதல் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ வரும். பின்னர் இடைவெளி சுருங்கும். நாளடைவில் காது மடலிலும் விரல் கணுக்களிலும் முண்டு முண்டாகச் சுண்ணக் கட்டிகள் தோன்றும். சிறுநீரகக் கல்லும் உண்டாகலாம்.

தாக்குதல் வந்த நேரத்தில் வீட்டில் செய்யத்தக்க முதல் உதவி, வழக்கத்திற்கு நேர்மாறானது. உப்பு ஒத்தடம், வெந்நீர், தைலத் தேய்ப்பு ஆகியவை மற்ற வலிகளுக்கு இதமளிக்கலாம். கனன்றுகொண்டிருக்கும் இம்மூட்டுக்கு ஆகாதவை. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் என்று சில முறை வைத்தல் நலம். 2002இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், 19 நோயாளிகளுள் மருந்துடன் பனிக்கட்டியும் வைக்கப்பட்டவர்களுக்கு வலி கூடுதலாகத் தணிந்தது. குளிர்ச்சியில்தானே படிகம் உண்டாகிறது என்ற ஐயம் இங்கு எழுவது இயல்பு. தாக்குதலின் வலிக்குக் காரணம் முன்பே படிந்த படிகத்தை எதிர்த்து உடல் மூட்டும் அழற்சி. அந்த அழற்சியைச் சிறிது நேரக் குளிர்ச்சி அடக்குகிறது. நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் இதில் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். பனி பட்டுப் புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது. காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, மூட்டுக்கு முழு ஓய்வு கொடுப்பதும் மருந்தே.

இரண்டாவது மருந்து நீர். இதைச் சொன்னால் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். சிறுநீரகத்தின் வழியே யூரிக் அமிலம் வெளியேறுவதற்கு நீர்தான் வாகனம். நீர் குறைந்தால் இரத்தத்தில் அமிலம் செறிவடைகிறது. முழுப் பட்டினியில் இன்னொரு தீங்கும் சேர்கிறது. உணவில்லாத உடல் தன் கொழுப்பைக் கரைக்கும்போது உண்டாகும் கீட்டோன் என்னும் பொருள்கள், சிறுநீரகத்தில் யூரிக் அமிலத்திற்குப் போட்டியாக நின்று அதன் வழியை அடைத்துக்கொள்கின்றன. துவாதசி விடியலில் கால் வீங்குவதன் இரகசியம் இதுவே. கந்த சஷ்டியின் ஆறு நாள் உபவாசத்திலும், பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை நீர் அருந்தாமல் முடிக்கும் வேகத்திலும் இதே ஆபத்து உண்டு. கிரிவலத்தில் வெறுங்காலுக்கு நேரும் இடிபாடும் தாக்குதலைத் தூண்டவல்லது.

அப்படியாயின் விரதத்தைக் கைவிடுவதா? அதற்கு அவசியமே இல்லை என்று பெரியோர் எப்போதோ வழி வகுத்துவிட்டனர். மகாபாரதத்தின் உத்யோக பர்வத்தில் விதுரர் திருதராஷ்டிரனுக்குக் கூறும் நீதிகளிடையே, விரதத்தைக் குலைக்காத எட்டுப் பொருள்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அவ்வரிசையில் முதலாவதாக நிற்பது நீர். கிழங்கும் பழமும் பாலும் அதில் உண்டு. இறுதியில் வருவது மருந்து. எழுபது வயதில், இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மாத்திரை உட்கொள்ளும் ஒருவர், நீரும் மருந்தும் இன்றி நாள் முழுவதும் இருந்தால்தான் விரதம் நிறைவுறும் என்று வற்புறுத்துவதற்குச் சாத்திர ஆதரவு இல்லை. வாதரக்தம் ஒருமுறை வந்தவர், ஏகாதசியன்று இரண்டு மணிக்கு ஒரு முறையேனும் ஒரு டம்ளர் நீரும், இரு வேளை பாலும், சிறிது பழமும் கொள்வதே முறை. மற்ற நாள்களில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் நீர் பருகுவது நன்று. இதய பலவீனத்திற்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ நீரின் அளவை மருத்துவர் வரையறுத்திருந்தால் அந்த வரையறையே செல்லும்.

துவாதசி இலையைச் சற்று உற்று நோக்கலாம். அகத்திக்கீரை, சுண்டைக்காய், நெல்லிக்காய் ஆகிய மூன்றும் பாரணையில் இடம்பெறுவது தொன்றுதொட்ட வழக்கம். இவற்றுள் வாதரக்தத்திற்கு நேரடித் தொடர்புடையது நெல்லி. அதிலுள்ள சி உயிர்ச்சத்து, சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதற்குத் துணைபுரிகிறது. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 184 பேர் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் சி உயிர்ச்சத்தை இரண்டு மாதம் உட்கொண்டவர்களுக்கு யூரிக் அமிலம் சராசரியாக 0.5 மில்லிகிராம் குறைந்தது. நெல்லியன்பர்கள் மகிழலாம், ஆனால் கணக்கை முழுமையாகப் பார்க்க வேண்டும். 2013இல் நியூசிலாந்தில், ஏற்கெனவே இந்நோய் உள்ள 40 பேரிடம் இதே அளவில் செய்த சோதனையில் பலன் மிகச் சொற்பமாகவே இருந்தது. 9இல் நிற்கும் இருப்பை 6க்குக் கீழே கொண்டுவர வேண்டியவருக்கு அரைப் புள்ளி எம்மாத்திரம்? எனினும் தினம் ஒரு பெருநெல்லியைத் துவையலாகவோ, தயிர்ப்பச்சடியாகவோ, வெறுமனே உப்புத் தொட்டோ உண்பதில் தீங்கேதும் இல்லை. தேனில் ஊறிய நெல்லியும், சர்க்கரைப் பாகில் ஊறிய நெல்லியும் இக்கணக்கில் சேரா. காரணம் அடுத்து வருகிறது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் சி உயிர்ச்சத்தை மாத்திரையாக மிகுதியாக விழுங்குதல் கூடாது.

ஸ்ரீராமநவமியன்று நீர்மோரும் பானகமும் அருகருகே வைத்து நிவேதனம் செய்யப்படுகின்றன. வாதரக்த நோயாளியின் நோக்கில் அவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. வெல்லம், சர்க்கரை எல்லாவற்றிலும் ஏறக்குறைய பாதி ஃப்ரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை. கல்லீரலில் அது செரிக்கும் வேகத்தில் பியூரின் சிதைந்து யூரிக் அமிலம் பெருகுகிறது. சர்க்கரை கலந்த குளிர்பானங்களை நாளொன்றுக்கு இரண்டோ அதற்கு மேலோ பருகிய ஆண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு, மாதத்திற்கு ஒன்றுகூடப் பருகாதவர்களைக் காட்டிலும் 85 சதவிகிதம் மிகுந்திருந்ததாக 2008இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. பானகம், பஞ்சாமிர்தம், சர்க்கரைப் பொங்கல் ஆகியவற்றைப் பிரசாதமாக உள்ளங்கையளவு பெற்றுக் கண்ணில் ஒற்றி உட்கொள்வது வேறு. தொன்னை தொன்னையாக உண்பது வேறு. பிரசாதம் என்று பெயர் சூட்டியதனால் கல்லீரல் அதற்குத் தனிக் கணக்கு எழுதுவதில்லை.

நீர்மோரின் செய்தி நற்செய்தி. அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், பால்பொருள்களை மிகுதியாக உண்டவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட 44 சதவிகிதம் குறைந்திருந்தது. கொழுப்பு நீக்கிய பாலும் தயிரும் இதில் முன்னிற்கின்றன. வெண்ணெய் எடுத்த மோரைவிடக் கொழுப்புக் குறைந்த பால்பொருள் நம் அடுக்களையில் ஏது? இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப்போட்ட மோரை நாள்தோறும் இரண்டு டம்ளர் பருகலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை மட்டும் ஒதுக்கினால் போதும்.

அதே ஆய்வு மற்றொரு நெடுங்காலத் தடையையும் நீக்கிற்று. வாதரக்தம் என்றவுடன் துவரம்பருப்பு, பயறு, பசலைக்கீரை, காளான், காலிஃபிளவர் யாவற்றையும் விலக்கும்படி ஒரு பட்டியல் கையில் தரப்படுவது வழக்கம். இறைச்சியும் மீனும் மிகுதியாக உண்பவர்க்கு நோய் மிகுந்தது. பியூரின் உள்ள காய்கறிகளையும் பருப்புகளையும் உண்டவர்க்கு மிகவில்லை என்று அவ்வாய்வு கண்டது. ஆகவே நவராத்திரிச் சுண்டலை அளவோடு உண்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சாம்பாரில்லாமல் ஆண்டுக்கணக்கில் இரசத்தோடு காலம் தள்ளிய பெரியவர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடக்கூடும். அதற்காகச் சைவ உணவினர்க்கு இந்நோயே வராது என்று எண்ணுவதும் பிழை. வரவில் பெரும்பங்கு உடலுக்குள் உருவாவது என்று முன்பே கண்டோம். அத்துடன் உடற்பருமனும், தளர்ந்த சிறுநீரகமும், மாதவிலக்கு நின்ற பின் பெண்களுக்கு நேரும் மாற்றமும், இரத்த அழுத்தத்திற்காக உட்கொள்ளும் நீர்ப்போக்கு மாத்திரைகளும், இதயத்திற்கான சிறிய அளவு ஆஸ்பிரினும் இருப்பை உயர்த்தவல்லவை. இம்மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிடலாகாது. மாற்று உண்டா என்று மருத்துவரைக் கேட்பது மட்டுமே வழி.

செர்ரிப் பழத்தைப் பற்றியும் அயல்நாட்டுப் பிள்ளைகள் தொலைபேசியில் சொல்லியிருப்பார்கள். 633 நோயாளிகளைக் கொண்டு 2012இல் வெளிவந்த ஆய்வில், செர்ரி உண்ட இரண்டு நாள்களில் தாக்குதல் வரும் வாய்ப்பு 35 சதவிகிதம் குறைந்திருந்தது உண்மையே. காஷ்மீரத்துச் செர்ரி கோடையில் சில வாரங்கள் கடைக்கு வரும். விலையும் அதற்கேற்ப இருக்கும். கேக்கின் தலையிலும் பன்னின் வயிற்றிலும் சிவப்பாகப் பதிந்திருப்பது பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய். அதைச் செர்ரி என்று நம்பி உண்பவர் நோய்க்கு மருந்தென்று நோயையே வாங்கி உண்கிறார்.

வாதரக்தத்திற்கு ஆயுர்வேதம் முதன்மையாகக் கொள்ளும் மூலிகை சீந்தில். அமிர்தவல்லி என்றும் வடமொழியில் குடூசி, அம்ருதா என்றும் வழங்கும் இக்கொடிக்குப் பாவப்பிரகாசம் என்னும் மருத்துவ நூல் ஓர் அழகிய தோற்ற வரலாற்றைக் கூறுகிறது. இராவண வதத்திற்குப் பின், போரில் மாண்ட வானரர்களை உயிர்ப்பிக்க இந்திரன் அமுதம் பொழிந்தான். அவர்கள் மேனியிலிருந்து சொட்டிய துளிகள் விழுந்த இடமெல்லாம் இக்கொடி முளைத்தது என்பது அது. வெட்டி எறிந்தாலும் காயாமல், மரக்கிளையில் தொங்கியபடியே நூல் நூலாக வேர்விட்டு மண்ணை எட்டிப் பிடிக்கும் அதன் இயல்பைக் கண்டவர்களுக்கு அப்பெயர் பொருத்தமாகவே தோன்றும். வேம்பின்மேல் படர்ந்த சீந்திலைச் சிறப்பாகச் சொல்வர். கட்டைவிரல் பருமனுள்ள தண்டின் மேல்தோலைச் சீவி, நசுக்கி, நீரில் இட்டுக் காய்ச்சிக் குறுக்கிக் கஷாயமாக்குவதும், தண்டை நீரில் கரைத்துத் தெளியவைத்து அடியில் படியும் வெண்மாவைச் 'சீந்தில் சர்க்கரை' என்று சேகரிப்பதும் நெடுங்கால வழக்கம். திரிபலாவும் குங்கிலியமும் சீந்திலும் சேரும் கைசோர குக்குலு, இன்றும் வைத்தியர்கள் இந்நோய்க்கு எழுதித்தரும் மருந்து.

இத்தனை பெருமை உடையதாயினும் சீந்திலைத் தாமே அளவிட்டு மாதக்கணக்கில் உட்கொள்வது தகாது. கொரோனாக் காலத்தில் நோய் எதிர்ப்புக்கென்று நாடெங்கும் இதைக் காய்ச்சிக் குடித்தபோது, கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, உரிய சீந்திலுக்குப் பதிலாக அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடி பயன்பட்டிருக்கலாம் என்றது. இவ்விவாதத்தில் எப்பக்கம் நின்றாலும் வீட்டுக்கு உரிய பாடம் ஒன்றே. தெருவோரத்தில் கட்டுக்கட்டாக விற்கும் தண்டு எந்தக் கொடியினுடையது என்று தெரியாமல் காய்ச்சலாகாது. கல்லீரல் நோய் உடையவர்கள் விலக்க வேண்டும்; சர்க்கரைக்கு மாத்திரை உட்கொள்பவர்கள், சீந்திலும் சர்க்கரையைக் குறைக்கவல்லது என்பதால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடலாகாது. வாதரக்தத்திற்கு அது எந்த அளவு பயன்தரும் என்பதைப் பெருந்திரளான நோயாளிகளிடம் சோதித்து நிறுவிய ஆய்வும் இன்னும் வரவில்லை. முறையாகப் பயின்ற வைத்தியரின் மேற்பார்வையில், இடையிடையே இரத்தப் பரிசோதனையுடன் உட்கொண்டால் தவறில்லை. முடக்கத்தான் தோசைக்கு இவ்வளவு நிபந்தனை தேவையில்லை. கீரை என்ற முறையில் உண்ணலாம், யூரிக் அமிலம் அதனால் இறங்கும் என்ற எதிர்பார்ப்பின்றி.

கண்டிப்பாகத் தொடக்கூடாத ஒரு செடியும் உண்டு. அது முருகனுக்கு உகந்த மலராக இருப்பதால் இங்கு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருமுருகாற்றுப்படையில் முருகப்பெருமான் தலையில் சூடியிருப்பது காந்தள் கண்ணி. தமிழகத்தின் மாநில மலரும் அச்செங்காந்தளே. கார்த்திகையில் வேலிகளில் தீக்கொழுந்தாக மலரும் இக்கொடியின் கிழங்கைக் கண்வலிக்கிழங்கு என்றும் கலப்பைக் கிழங்கு என்றும் அழைப்பர். இதன் விதையிலும் கிழங்கிலும் கால்ச்சிசின் என்னும் பொருள் உள்ளது. வாதரக்தத் தாக்குதலுக்கு உலகெங்கும் மருத்துவர்கள் தரும் மாத்திரைகளுள் ஒன்று இதே கால்ச்சிசின். திண்டுக்கல், கரூர், திருப்பூர், வேதாரண்யம் வட்டாரங்களில் விதைக்காகவே இதைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கின்றனர். இந்த உண்மையைப் பாதி மட்டும் கேட்டுவிட்டு, மருந்தின் மூலமே நம் வேலியில் இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று கிழங்கை இழைத்து உண்டால், முடிவு மரணமாக இருக்கலாம். மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். கிழங்கின் ஒரு துண்டில் எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியாது. மருந்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. வாந்தியும் கடும் பேதியுமாகத் தொடங்கி உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். கைவசம் முறிமருந்து கிடையாது. வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணி உண்டு இறந்தவர்களும் உண்டு. மருத்துவர் தரும் மாத்திரையிலுங்கூடக் குறைந்த அளவே போதும் என்பது 2010இல் வெளியான ஆய்வின் முடிவு. அதிக அளவு தந்தபோது பலன் கூடவில்லை, பேதிதான் கூடியது. சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு அந்த அளவையும் குறைக்க வேண்டும்.

'மூட்டுவலிக்கு மூன்றே நாளில் குணம்' என்று கூறித் திருவிழாக் கடைகளில் விற்கும் பெயரற்ற உருண்டைகளும் சூரணங்களும் மற்றொரு பொறி. அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தைப் பொடித்துக் கலந்திருப்பது பரிசோதனைகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. வலி மாயமாக மறையும். சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கும் வலிமாத்திரைகளும் முதியோரின் சிறுநீரகத்திற்கும் இரைப்பைக்கும் இதயத்திற்கும் கேடு செய்பவை.

கட்டுப்பாடான உணவினால் யூரிக் அமிலம் இறங்குவது பெரும்பாலோர்க்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் அளவே. ஆண்டுக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ தாக்குதல் வருபவர்களுக்கும், கட்டிகள் தோன்றியவர்களுக்கும் அல்லோபுரினால் போன்ற மருந்து தேவைப்படுகிறது. 1966 முதல் புழக்கத்தில் இருக்கும் மருந்து அது, விலையும் மலிவு. சிறிய அளவில் தொடங்கி, இருப்பு 6க்குக் கீழே வரும்வரை மருத்துவர் படிப்படியாக உயர்த்துவார். படிகங்கள் கரையத் தொடங்கும் முதல் சில மாதங்களில் தாக்குதல் ஒன்றிரண்டு வரலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி அப்போதுதான் பலரும் நிறுத்திவிடுகின்றனர். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம், தொடர வேண்டும். உடலில் தடிப்போ கொப்புளமோ காய்ச்சலோ கண்டால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

பரிசோதனையிலும் ஒரு நுட்பம் உண்டு. தாக்குதல் நடந்துகொண்டிருக்கும் நாளில் இரத்தத்தில் யூரிக் அமிலம் இயல்பான அளவாகவே காட்டக்கூடும். அறிக்கையைப் பார்த்து, நோய் இல்லை என்று வீடு திரும்புவோர் பலர். வலி முற்றும் தணிந்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பார்த்தால்தான் உண்மையான இருப்பு தெரியும். ஒரே மூட்டு சிவந்து வீங்குவதுடன் குளிர்சுரமும் சேர்ந்தால் அது வாதரக்தமாக இல்லாமல் மூட்டுக்குள் சீழ்பிடித்த நிலையாகவும் இருக்கலாம். அன்று பனிக்கட்டியோடும் மோரோடும் வீட்டில் காத்திராமல், ஏகாதசியாயினும் துவாதசியாயினும், அந்த நாளிலேயே மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.